பார்த்துக்கொள்வது யார்?

நாட்றம்பள்ளியில் வாழ்பவர்களுக்கு ஏலகிரி மலை புதியதன்று. ஊருக்குக் கிழக்கே அது நீண்டு கிடக்கின்றது. ஃபஜ்ருத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பும்போது வானம் வெளுப்பது அம்மலையின் முதுகின்மேல்தான். ஆனால் மேற்கே கிப்லாவை நோக்கி நிற்கும் நமக்கு அது எப்போதும் பின்புறத்து மலை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஏறிப் பார்த்துச் செல்கின்றனர். அடிவாரத்தில் வாழும் நம் இல்லங்களில் எத்தனை பேர் அதனைக் கண்டிருக்கின்றோம்? ஆடவர்கள் நண்பர்களோடு சென்றிருப்பார்கள். நம் தாய்மார்கள்? நம் பிள்ளைகள்?

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் தொழிலையும் காலணித் தொழிலையும் நம்பி வாழும் வீடுகளில், தந்தை காலையில் புறப்படும்போது பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பர். இரவில் திரும்பும்போதும் உறங்கிவிட்டிருப்பர். வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு விடுமுறை நாள். அதுவும் திருமணம், நோய் விசாரிப்பு, கடைத்தெரு என்று கரைந்து போகின்றது. ஆகவே ஆண்டில் ஒரு நாளாவது மனைவி மக்களோடு வெளியே சென்று வருவது வீண் செலவன்று; பெற்றோர்மீது பிள்ளைகளுக்குள்ள உரிமை என்றே கூறலாம். பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்குமாறு நம் திருமறை நம்மை ஏவுகின்றது. அந்த ஏவலில் ஆண், பெண் என்ற பாகுபாடு இல்லை.

ஆனால் எவ்வாறு செல்வது என்பதில்தான் பிழை செய்கின்றோம். பிறரைக் குறை கூறுவதைவிட, என் வீட்டில் நடந்ததையே கூறிவிடுகின்றேன். குறை முழுவதும் என்னுடையது.

முதற் பயணம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத விடுமுறையில் நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு வேன் வாடகைக்குப் பேசினோம். இரு குடும்பங்கள், தங்கை, அவள் கணவர். பெரியவர்கள் ஆறு பேர், சிறுவர்கள் ஆறு பேர். வேனில் இடம் போதாது என்று என் தாயார் தாமாகவே நின்றுகொண்டார். "நீங்க போய்ட்டு வாங்கப்பா, எனக்கென்ன மலை" என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

வாடகை கொடுத்துவிட்டோமே, அதற்கு ஈடாக எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். காலையில் ஏலகிரி, நண்பகலில் ஜலகம்பாறை நீர்வீழ்ச்சி, மாலையில் கிருஷ்ணகிரி அணை என்று தாளில் எழுதி வைத்தேன். வீட்டுப் பெண்கள் பின்னிரவு மூன்று மணிக்கே எழுந்து தேக்சாவில் பிரியாணி ஏற்றினர். கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் வேறு. அவர்கள் உறங்கினார்களா என்று நான் கேட்கவில்லை.

பொன்னேரியிலிருந்து மலைச்சாலை தொடங்குகின்றது. பதினான்கு கொண்டையூசி வளைவுகள். வயிறு முட்டப் பிரியாணி உண்டிருந்த என் ஐந்து வயது மகன் ஏழாவது வளைவில் வாந்தி எடுத்தான். அவனைக் கண்டு மற்றொரு குழந்தையும் எடுத்தது. நிறுத்தினால் நேரமாகுமே என்று நான் ஓட்டுநரை விரைவுபடுத்தினேன்.

மேலே புங்கனூர் ஏரிக்கரையில் பாய் விரித்தோம். ஆடவர்கள் அமர்ந்து தொழில் பற்றிப் பேசலானோம். பெண்கள் தட்டுகளைப் பரப்பினர். சிறிது நேரத்தில், என் கடைக்குட்டி, இரண்டு வயதுப் பிள்ளை, பாயில் இல்லை.

எத்தனை நிமிடம் தேடினோம் என்பது நினைவில்லை. படகுத்துறைப் பக்கமிருந்து வேர்க்கடலை விற்கும் ஒரு மூதாட்டி அவன் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "யார் வூட்டுப் புள்ள இது? தண்ணியாண்ட போயினு இருந்தான்" என்றார். அவர் பெயர்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அல்லாஹ் அவருக்கு நல்லருள் புரிவானாக.

தம்பி, "உங்களிடம் இருக்கிறான் என்று நினைத்தேன், அண்ணே" என்றான். தங்கை தம்பி மனைவியைப் பார்த்தாள். தம்பி மனைவி தங்கையைப் பார்த்தாள். ஆறு பேர் இருந்தோம். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று எண்ணியதால் ஒருவருமே பார்த்துக்கொள்ளவில்லை. இறுதியில் எல்லோருடைய பார்வையும் என் துணைவியாரிடம் சென்று நின்றது. "குழந்தையைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியாதா?" என்று கேட்டவன் வேறு எவருமல்லன், நான்தான். அப்போது அவர் கையில் எனக்காகப் பரிமாறிய தட்டு இருந்தது. அவர் ஒன்றும் கூறவில்லை.

அன்று ஜலகம்பாறைக்கும் சென்றோம். கோடையில் பாறைதான் இருந்தது, நீர் இல்லை. லுஹர் கடைசி நேரத்தில் அவசரம் அவசரமாக முடிந்தது. அணையைப் பார்க்காமலே திரும்பினோம். இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த துணைவியாரிடம், சமாதானமாகப் பேச எண்ணி, "மலை எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"மலையா? நான் எங்கேங்க பார்த்தேன்? வீட்ல நின்னுக்கிட்டுச் செய்யறதை அங்கே உட்கார்ந்துகிட்டுச் செஞ்சேன். அவ்வளவுதான்" என்றார்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி

அந்தச் சொல் என்னைப் பல நாள் உறுத்தியது. ஒருமுறை ஈத் நாளில் அபிசீனிய வீரர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்திக்கொண்டிருந்தனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் காண விரும்பினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோளுக்குப் பின்னால் அவர்களை நிறுத்தி மறைத்துக்கொண்டு, பார்த்துப் போதும் என்று அன்னையவர்களே சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தார்கள். ஓர் உம்மத்தின் சுமையைத் தோளில் தாங்கியவர்களுக்கு அன்று வேறு வேலை இல்லாமலா இருந்தது? பயணம் ஒன்றில் அன்னையவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. சஜ்தாவில் இருக்கும்போது பேரக் குழந்தை முதுகில் ஏறியமர, அது தானே இறங்கும்வரை சஜ்தாவை நீட்டினார்கள் என்பதையும் மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருக்கின்றோம்.

கேட்டோம், ஆனால் நடைமுறைக்குக் கொணர்ந்தோமா? மனைவி பார்த்து முடிக்கும்வரை நிற்பதும், குழந்தையின் நேரத்திற்கு நம் நேரத்தை நீட்டிக்கொடுப்பதும்தான் அந்த வழி. என் தாளில் எழுதிய மூன்று ஊர்களில் அது எங்கே இருந்தது? ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படும் மேய்ப்பரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். குழந்தை தாயிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்று. இருவரும் விசாரிக்கப்படுவர்.

தண்ணீர் சத்தமிடாது

இது நம் வீட்டுச் சிறு விஷயம் என்று எண்ணிவிடலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. நீரில் விழுந்த சிறு குழந்தை திரைப்படத்தில் காண்பதுபோல் கூச்சலிடுவதில்லை. கைகளை வீசி அழைப்பதும் அரிது. மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. அதற்கு ஏரிதான் வேண்டுமென்பதில்லை. தொட்டியும் வாளியும்கூடப் போதும்.

நம்மைப்போன்ற குடும்பங்கள் வாழும் பங்களாதேஷ் கிராமங்களில் குளங்கள் மிகுதி. காலை வேளையில் தாய் சமையலிலும் தந்தை வயலிலும் இருக்கும்போதுதான் குழந்தைகள் மிகுதியாக நீரில் மூழ்குகின்றனர் என்று அங்கே கண்டறிந்தனர். அதற்குப் பெரிய எந்திரம் எதுவும் வைக்கவில்லை. கிராமத்துப் பெண் ஒருவருக்குப் பயிற்சியளித்து, அந்தக் காலை நேரத்தில் சிறு குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்தனர். மூழ்கி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இதில் பாடம் எளியது. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்பது காவலன்று. "இந்த நேரத்தில் பார்த்துக்கொள்பவர் இன்னார்" என்பதே காவல்.

இரண்டாம் பயணம்

மழைக்காலம் முடிந்த ஒரு ஜனவரியில் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை ஒரே குடும்பம், ஒரே இடம், ஏலகிரி மட்டும். என் தாயாரை முதலில் வண்டியில் ஏற்றினோம், பிறகுதான் மற்றவர்கள்.

விடியற்காலையில் அடுப்பு மூட்டவில்லை. வழியில் சிறிது இட்லி வாங்கினோம். நண்பகலுக்கு எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும். முட்டை உரித்துக் கட்டும் பணி எனக்கும் எட்டு வயது மகளுக்கும். மலைச்சாலையில் குழந்தைகளுக்குக் குமட்டல் வருவதற்குக் காரணம், செவிக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் வளைவதாகக் கூறும்போது, வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் அசைவில்லை என்று கூறுவதுதான். இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுவரை இத்தொல்லை மிகுதி. எண்ணெய் மிகுந்த உணவைத் தவிர்த்து, சன்னல் வழியே தொலைவைப் பார்க்கச் செய்து, இடையில் பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை நிறுத்தினோம். மகன் வாந்தி எடுக்கவில்லை.

தொலைவைப் பார்க்கச் செய்வதற்கு அந்தச் சாலையே உதவியது. அவ்வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையேழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கின்றனர். முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த பாரி, மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் என்று என் தாயார் கதை சொல்லிக்கொண்டே வந்தார். தாகத்தால் நாக்குத் தொங்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொணர்ந்து கொடுத்தவருக்கு அல்லாஹ் பாவம் பொறுத்தருளிய செய்தியையும் அதனோடு சேர்த்தார். சாலையோரக் குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவது அவ்வகை இரக்கமன்று. அது அவற்றை வண்டிச் சக்கரத்தின் கீழ் அழைப்பதாகும் என்று நான் கூறினேன்.

ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள மலை அது. "அத்தா, சூரியன்கிட்டத்தானே போறோம், அப்புறம் ஏன் குளிருது?" என்று மகள் கேட்டாள். வெயில் காற்றை நேரே சூடாக்குவதில்லை. முதலில் தரையைச் சூடாக்குகின்றது. தரைதான் காற்றைச் சூடாக்குகின்றது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிந்து விரிவதால் குளிர்ந்து விடுகின்றது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று விளக்கினேன். மூன்று ஊர் பார்க்கும் அவசரத்தில் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திராது. "சும்மா உட்கார்" என்றிருப்பேன்.

ஏரிக்கரையில் நாங்கள் ஒரு முறை வகுத்தோம். வீட்டுச் சாவிக்கொத்து யாரிடம் இருக்கின்றதோ அவரே கடைக்குட்டிக்குப் பொறுப்பு. அவர் பேச்சில் மூழ்கலாகாது, கைப்பேசியை எடுக்கலாகாது, பிள்ளையை விட்டுக் கை எட்டும் தூரத்திற்கு அப்பால் போகலாகாது. பொறுப்பு மாறும்போது சாவியைக் கையில் கொடுத்து, "இனி உன்னிடம்" என்று வாயால் சொல்ல வேண்டும். பெற்றவர் "சரி, என்னிடம்" என்று சொல்ல வேண்டும். லுஹர்வரை சாவி என்னிடமே இருந்தது.

இரண்டு வயதுப் பிள்ளையின் பின்னால் இரண்டு மணி நேரம் நடப்பது எத்தகைய வேலை என்பதை அன்றுதான் அறிந்தேன். என் துணைவியாரும் தாயாரும் ஏரியைச் சுற்றி மெல்ல நடந்துவிட்டு வந்தனர். "பலா மரத்துல கிளையில இல்லீங்க, அடிமரத்துலயே பிஞ்சு விட்டிருக்குது!" என்று துணைவியார் வியப்போடு சொன்னார். திருமணமாகிப் பத்து ஆண்டுகளில் அவர் தாம் கண்ட ஒன்றை எனக்கு வந்து சொன்னது அதுவே முதல் தடவை என்று எனக்குத் தோன்றிற்று.

பிறகு அவர் பிள்ளையை வாங்கிக்கொள்ள, நாங்கள் லுஹர் தொழுதோம். வீட்டிலிருந்தே பாயும் ஒளுவிற்கு இரண்டு புட்டி நீரும் கொண்டு சென்றிருந்தோம். பெண்கள் தொழும்போது சாவி மீண்டும் என்னிடம். இத்தொலைவிற்குத் தொழுகையைச் சுருக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஏறத்தாழ 48 மைல், அதாவது 77 கிலோமீட்டர் தொலைவு சென்றால்தான் பயணிக்குரிய சலுகை என்பது ஹனஃபி மத்ஹபின் ஆலிம்கள் கூறும் அளவு. ஏலகிரி நமக்கு அதில் பாதிகூட இல்லை. முழுமையாகவே தொழ வேண்டும். அதற்கு மேற்பட்ட தொலைவு செல்வோர் தம் ஊர் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

எவ்வயதினர்க்கு எவ்விடம்?

மிகச் சிறு குழந்தைகளுக்கு ஒரு பூங்காவும் ஓடி விளையாட ஒரு புல்வெளியும் போதும். ஏலகிரி ஏரியையடுத்த இயற்கைப் பூங்கா அதற்கு ஏற்றது. ஜலகம்பாறைக்கு மழைக்குப் பின் சிலநாள் கழித்து, வெள்ளம் தணிந்தபின் செல்லலாம். ஆனால் வழுக்குப் பாறையில் இடுப்புக் குழந்தையோடு நிற்பது தகாது.

பத்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு வேலூர்க் கோட்டை நல்ல பாடசாலை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணம் எய்திய பின் அவருடைய மக்களை ஆங்கிலேயர் அங்கேதான் காவலில் வைத்தனர். 1806 ஜூலை 10ஆம் நாள் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அக்கோட்டையில்தான். அரசகுடும்பத்தாரின் அடக்கத்தலங்களும் வேலூரிலேயே உள்ளன. இவற்றை நின்று விளக்க ஒரு பகல் முழுவதும் வேண்டும்.

வானத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூர் இருக்கின்றது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். வைணு பாப்பு வானாய்வகம் என்று அதனை நிறுவிய அறிஞரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. நாம் ரோகிணி என்று கூறும் விண்மீனை உலகம் அல்தெபரான் என்கின்றது. திருவோணத்தை அல்தாயிர் என்கின்றது. இரண்டும் அரபுச் சொற்கள்; 'பின்தொடர்வது', 'பறப்பது' என்பன அவற்றின் பொருள். நம் முன்னோர்கள் வானத்தை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்கு இப்பெயர்களே சான்று. பார்வையாளர்களுக்குரிய நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.

எங்கே சென்றாலும் கொண்டுபோன தாளையும் பையையும் திரும்பக் கொண்டுவருவோம். வழியிலுள்ள இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமுதாயம், மலைமேல் குப்பையை விட்டு வரலாமா?

திரும்பும் வழியில்

அஸர் முடித்து, இருட்டுவதற்கு முன்னரே இறங்கினோம். வழியில் வண்டி நிறுத்த இடமிருந்த ஒரு திருப்பத்தில் என் தாயார் இறங்க விரும்பினார். கீழே ஜோலார்பேட்டைத் தண்டவாளங்கள் நூலிழைகள்போல் தெரிந்தன. "நம்ம ஊரு எந்தப் பக்கம்ப்பா?" என்றார். மேற்கே கையை நீட்டிக் காட்டினேன். கதிரவன் அப்பக்கம் சாய்ந்திருந்ததால் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஆயினும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாப்பது வருசமா கொல்லைப்பக்கம் நின்னு இந்த மலையப் பார்த்திருக்கேன். மேல என்ன இருக்குன்னு கேட்டதில்ல" என்றார். சிறிது நேரம் கழித்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று கூறிவிட்டுத் தாமே வண்டியில் வந்து ஏறினார். போதும் என்று அவர் கூறும்வரை நாங்கள் அவரை அழைக்கவில்லை. முதற் பயணத்தின்போது வேனில் இடமில்லை என்று அவரை விட்டுச் சென்றது அப்போதுதான் என் நெஞ்சில் முழுமையாகச் சுட்டது.

அன்புச் சகோதரர்களே! அடுத்த விடுமுறை நாளில் நீங்கள் புறப்படுவதாயின், எத்தனை இடங்கள் பார்ப்பது என்று திட்டமிட வேண்டாம். வீட்டில் இதுவரை எதையும் பார்க்காதவர் யார் என்று கேளுங்கள். அவரை முதலில் ஏற்றுங்கள். பின்னர் சாவிக்கொத்தை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு, அந்த ஒரு நாளாவது நம் வாயிலிருந்து "நான்" என்ற விடை வரட்டும்.

நம் குடும்பங்களை ஆபத்துகளிலிருந்து காத்து, அமானிதங்களைப் பேணும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.